மூக்கிலா, முதுகிலா

எங்கள் ராயபுரம் சந்தில் யாருக்காவது ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். "அண்ணாத்தே, மூக்குல வெக்கிற மருந்தா, முதுகுல போடற ஊசியா, எது தேவலை?" என்று கேட்கிறார்கள். நான் என்ன டாக்டரா? ஹார்பரில் கப்பல் தட்டில் நின்று கை காட்டிப் பிழைக்கிறவன். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கேட்கிறவர்களும் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு மீதியைத் தாங்களாகவே இட்டுக்கட்டிப் பரப்புகிறார்கள். எனக்கு முதுகெலும்பையே கழற்றி மாட்டியதாக ஒருவன் சொல்லிக்கொண்டு திரிகிறான். அதனால்தான் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். கப்பலின் வயிற்றுக்குள் ஆட்கள் இறங்கி, மூட்டைகளையும் கரியையும் கட்டி வைப்பார்கள். அதை மேலே இழுக்கிற யந்திரத்தை விஞ்ச் என்போம். அதை ஓட்டுகிறவர் என் தோஸ்து காதர் பாய். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கப்பலின் அடி தெரியாது, என் கைதான் தெரியும். நான் விரலைச் சுழற்றினால் தூக்குவார். உள்ளங்கையைத் தாழ்த்தினால் மெதுவாக்குவார். முஷ்டியை மடக்கினால் அப்படியே நிறுத்திவிடுவார். அந்த இரைச்சலில் வாயால் சொல்வதெல்லாம் நடக்காது. கீழே நிற்கிறவனின் உயிர் என் கையில் இருக்கிறது என்பதால், என் கண்ணில் படாமல் எதுவும் அசையக் கூடாது என்கிற பிடிவாதம் எனக்கு ஊறிப்போய்விட்டது. வீட்டிலும் அப்படித்தான் என்று என் மனைவி கன்னியம்மா திட்டுவாள்.

வலது பக்கம் அடிவயிற்றில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. நின்றால் வரும், படுத்தால் உள்ளே போய்விடும். வலியில்லை என்பதால் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் காதர் பாய்தான் என்னை சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப் போன பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் என்னை இருமச் சொல்லி, வீக்கத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்து, "குடலிறக்கம்" என்றார். வயிற்றுச் சுவரில் ஓரிடம் நைந்துபோய், அந்த வழியாகக் குடல் வெளியே எட்டிப் பார்க்கிறதாம். உள்ளே போய்வந்து கொண்டிருக்கிறவரை பயமில்லை. வெளியே வந்த குடல் அங்கேயே மாட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று அழுக ஆரம்பிக்கும், அப்புறம் உயிருக்கே ஆபத்து என்றார். அதற்கு முன்னால் தைத்துவிட வேண்டும்.

என் மார்பில் குழாயை வைத்துக் கேட்டதும் அவர் முகம் மாறியது. கரித்தூளும் பீடியும் சேர்ந்து நெஞ்சு பூராவும் சளி. "மயக்கம் குடுக்கிற டாக்டரம்மாவைப் பார்த்துட்டு வா," என்று அனுப்பினார்.

டாக்டரம்மா ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தார். சத்தமாகப் பேச மாட்டார். ஆனால் ஒன்றையும் மறைக்கவும் மாட்டார். "இங்க பாருப்பா, ரெண்டு வழி இருக்கு," என்று ஆரம்பித்தார். ஒன்று, மூக்கையும் வாயையும் மூடி ஒரு வலைத்துணியை வைத்து, அதன் மேல் ஈதர் என்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது. இழுக்க இழுக்க நினைவு போய்விடும். அறுப்பது தெரியாது. ஆனால் அது நெஞ்சை அரிக்கும், சளியைக் கிளப்பும். என் மாதிரி நெஞ்சுக்கு அப்புறம் மூச்சுத் திணறலும் ஜுரமும் வரலாம். இன்னொன்று, இடுப்புக்கு நேரே முதுகெலும்பின் சந்தில் ஊசி போடுவது. இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும். நினைவு போகாது, நெஞ்சுக்கும் கெடுதல் இல்லை. சில மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பிவிடும். தலைவலி வரலாம், அதற்காகத் தலையணை இல்லாமல் படுத்திருக்க வேண்டும்.

"காலு திரும்பி வரலைன்னா?" என்று கேட்டேன்.

"வராம போறது ரொம்ப அபூர்வம். வந்தே தீரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார்.

எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துவிட்டது. கண் விழித்திருக்கலாம் என்ற ஒரு வார்த்தைக்கே முதுகு ஊசிக்கு நான் பாதி சம்மதித்துவிட்டேன். காதர் பாய்க்குப் பிடிக்கவில்லை. "இன்னா மாமு, உன்னிய அறுக்கறத நீயே பாத்துகினு கெடப்பியா? பேஜாரு புடிச்ச வேல. மூக்குல வெச்சினு தூங்குவியா!" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கன்னியம்மா அரிவாள்மனையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். அவள் திருவொற்றியூர்க் குப்பத்தில் கடல் தொழில் செய்கிற வீட்டுப் பெண். அவள் தம்பி ஏகாம்பரத்துக்கு இதே நோய்க்கு, இதே முதுகு ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் நடந்தது. நடந்து போனவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அவனுடைய வலது பாதம் இழுத்துக்கொண்டு மடங்கிவிட்டது. கட்டுமரத்தில் நிற்க முடியாது. கோலை ஊன்றிக் கரைக்கு வந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"எந்தம்பி காலைத் தின்ன ஊசி உனுக்குமா? நான் இருக்கசொல்ல நடக்காது," என்றாள். "மூக்குல வெச்சா வெக்கட்டும். இல்லாங்காட்டி ஆபரேசனே வோணாம்."

"மூக்குல வெச்சா நெஞ்சு தாங்காதாண்டி."

"உனுக்குக் காலு போச்சுன்னா கப்பல்ல எப்பிடி ஏறுவ? ரெண்டு பேரையும் ஒக்காத்தி வெச்சி நான் பாக்கணுமா?"

அட்மிட் ஆகி, ஆபரேஷனுக்கு முதல் நாள், வீட்டு மனுஷர் ஒருவரும் சம்மதம் என்று கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள். கன்னியம்மா கட்டை விரலை மடக்கிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றுவிட்டாள். நர்ஸ் கெஞ்சினார், அதட்டினார். இவள் அசையவில்லை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் கோபமாக இல்லை, நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். போய்த் தொலையட்டும், மழைக்காலம் கழியட்டும் என்று இடுப்புத் துணியை இறுக்கினேன்.

குடல் மழைக்காலம் கழிகிறவரை காத்திருக்கவில்லை. கரிக்கப்பல் ஒன்றில் காலையில் வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு இருமல் வந்தது. ஏதோ உள்ளே சுருக்கென்று பிடித்தது. கையை வைத்துப் பார்த்தால் வீக்கம் கல்லாக இருக்கிறது. படுத்தும் போகவில்லை, அழுத்தியும் போகவில்லை. கண் இருட்டியது. முஷ்டியை மடக்கிக் காட்டினேன். காதர் பாய் மூட்டையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். ரிக்‌ஷாவில் என்னை மடியில் போட்டுக்கொண்டு, "அல்லா, அல்லா" என்று வழி நெடுக முனகியது அவர்தான். எனக்கு முனகவும் தெம்பில்லை. ஆஸ்பத்திரி வாசலில் குடித்த கஞ்சி முழுவதும் வாந்தியாக வந்தது. அதற்கப்புறம் பச்சையாக வந்தது.

பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்து, "மாட்டிக்கிச்சு. இன்னிக்கே திறக்கணும்," என்றார்.

டாக்டரம்மா மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயை வயிற்றுக்குள் விட்டு, உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்தார். அது ஒரு கலீஜ் வேலை, அதை விவரிக்க மாட்டேன். எடுத்துக்கொண்டே சொன்னார்: "இப்போ ஈதர் இன்னும் ஆபத்துப்பா. மயக்கத்துல வாந்தி எடுத்தா அது மூச்சுக்குழாயில போயிடும். முதுகு ஊசிதான் நல்லது. உன் சம்சாரம் எங்கே?"

காதர் பாய் அதற்குள் ஆள் அனுப்பியிருந்தார். கன்னியம்மா தலைவிரி கோலமாக வந்தாள். தனியாக வரவில்லை, சாட்சிக்குத் தம்பியையும் இட்டுக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் நேரே டாக்டரம்மாவிடம் போனாள்.

"ஊசி போடணும்ன்றீங்களே, அது இன்னா பண்ணும்னு பாருங்கம்மா. ஏகா, வேட்டியத் தூக்கிக் காட்றா!"

அவன் பாவம், கூச்சத்தோடு வேட்டியை முழங்கால்வரை தூக்கினான். எனக்கு வலி தாங்கவில்லை. இங்கே என் குடல் கருத்துக்கொண்டிருக்கிறது, இவள் கண்காட்சி நடத்துகிறாளே என்று கத்த நினைத்தேன். ஆனால் டாக்டரம்மா அவசரப்படவில்லை. குனிந்து, அவன் கணுக்காலுக்குப் பின்னால் தோல் சுருங்கிப் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது என்ன தழும்பு?"

"ஊசி வெசம் வெளிய வந்த எடம்மா," என்றான் ஏகாம்பரம். "ஆபரேசன் ஆன மறுநாளே கொப்பளம் கொப்பளமா வந்து ஒடைஞ்சுது."

"ஆபரேஷன் அன்னிக்குக் கால்ல ஏதாவது வெச்சாங்களா?"

"மணல் ஒத்தடம் குடுத்தாங்க. காலு ஐஸ் கட்டியா சில்லுனு கெடக்குதுன்னு தொட்டுப் பாத்து சொன்னாங்கம்மா. கடல்லேர்ந்து வெறைச்சிப் போய் வந்தா எங்களுக்கு அதான் வைத்தியம். மணல வறுத்து, துணியில கட்டி, காலோட சேத்துக் கட்டிப்புடுவாங்க. உசிரு வந்துடும்."

"ரொம்ப சூடா இருந்துதா?"

"அத்த நான் எப்பிடிம்மா சொல்றது? எனக்குத்தான் காலே தெரியலியே."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது போலிருக்கிறது. வேட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டான். டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. "சூடு சுட்டா நமக்கு வலிக்கும், காலை இழுத்துக்குவோம். மரத்த காலுக்கு வலிக்காது. அது வெந்துக்கிட்டே கிடந்திருக்கு. தோல் வெந்து, சதை வெந்து, ஆறும்போது பாதத்தை இழுத்துக்கிட்டிருக்கு," என்று மெதுவாகச் சொன்னார்.

கன்னியம்மா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"மணல வறுத்தது நாந்தானே," என்றாள். "ஆஸ்பத்திரி பின்னால அடுப்பு மூட்டி... முந்தானையில மறைச்சிகினு போயி... நாந்தானே கட்னேன்."

எனக்கு என் வயிற்று வலி ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்த ஊசியைச் சபித்துக்கொண்டிருந்தாளே, ஒரு நொடியில் அது அத்தனையும் இவள் தலையில் வந்து விழுந்துவிட்டதே. ஏகாம்பரம்தான் முதலில் பேசினான். "வுடு யக்கா. சாவட்டும்னா கட்ன? பொயைக்கட்டும்னுதானே கட்ன. மாமாவப் பாரு மொதல்ல. ஜல்தி வெய்யி."

அவள் மையில் கட்டை விரலை அழுத்திக் காகிதத்தில் வைத்தாள். மை பெரிதாக அப்பிக்கொண்டது. நர்ஸ் காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஆபரேஷன் மேஜையில் என்னைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து இறால் மாதிரி சுருளச் சொன்னார்கள். மாட்டிக்கொண்ட குடலோடு சுருள்வது என்ன லேசா? ஒரு ஆள் கழுத்தையும் முட்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முதுகில் ஏதோ சில்லென்று தடவினார்கள். பிறகு ஊசி. எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் சுருக்கென்று இருக்கும். அப்புறம் எலும்புக்கு நடுவில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு கனம், அவ்வளவுதான். "அசையாதே, அசையாதே," என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். பாதத்தில் சூடு பரவியது. கொஞ்ச நேரத்தில் கால்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. தூக்கு என்று மனசால் சொல்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது. என் நெஞ்சுக்கு நேரே ஒரு துணித் திரை கட்டிவிட்டார்கள். கண் விழித்திருந்து என்ன பிரயோஜனம்? பார்க்க வேண்டியதெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

டாக்டரம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்தார். "நீ பேசினாலும் இருமினாலும் குடல் வெளியே தள்ளும். எதுவா இருந்தாலும் கையைக் காட்டு," என்றார். ஒரு கையைப் பலகையில் கட்டி உப்புத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கையைத் தூக்கி, மடக்கினால் நிறுத்து, தாழ்த்தினால் மெதுவாக என்று அவருக்குக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

அறுத்தது தெரியவில்லை. ஆனால் பெரிய டாக்டர் உள்ளே குடலைப் பிடித்து இழுத்தபோது, வயிறே தொண்டைக்கு ஏறி வருகிற மாதிரி ஒரு குமட்டல் வந்தது பாருங்கள், செத்தோம் என்றே நினைத்தேன். முஷ்டியை மடக்கினேன்.

"சார், கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் டாக்டரம்மா.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "தாங்கலைன்னா ஈதர் குடுத்துடலாமா? குடல் கருநீலமா இருக்கு. வெந்நீர்த் துணி போட்டிருக்கேன். நிறம் திரும்பலைன்னா வெட்டித் தைக்கணும். அதுக்கு ஊசி மருந்து போதாது. எப்படியும் ஈதர்தான்."

அப்படியென்றால் இத்தனை பாடும் வீண். கடைசியில் அந்த வலைத்துணி என் மூக்குக்கு வரப்போகிறது, இந்த நெஞ்சோடு நான் எழுந்திருக்கப் போவதில்லை என்று தோன்றியது. ஈதர் புட்டி எனக்குத் தெரிகிற மாதிரியே தட்டில் இருந்தது. மூடியிருக்கும்போதே அதன் வாடை தலையைச் சுற்றியது. இருமல் வேறு தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை விழுங்கினேன். டாக்டரம்மா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளங்கையைத் தாழ்த்தினேன். மெதுவாக, மெதுவாக.

துணியை மாற்றுகிற சத்தமும், தண்ணீர் சொட்டுகிற சத்தமும் மட்டும் கேட்டன. சூட்டின் அளவு தெரிந்த கைகள் அங்கே என் குடலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தன. என்னால் செய்ய முடிந்ததெல்லாம் கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதுதான். கை வலித்தது, கீழே போடவில்லை.

"திரும்புது," என்றார் பெரிய டாக்டர் கடைசியில். "சிவப்பு ஏறுது. வெட்ட வேண்டாம்."

டாக்டரம்மா ஈதர் புட்டியைத் தள்ளி வைத்தார். என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அந்த அம்மாவை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

வார்டில் கொண்டுவந்து தலையணை இல்லாமல் போட்டார்கள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஆயா ஒருத்தி இரக்கப்பட்டு வெந்நீர் ரப்பர் பையைக் காலில் வைக்க வந்தாள். ஏகாம்பரம் கோலைக் குறுக்கே நீட்டிவிட்டான். "தாயே, அத்த எட்த்துகினு போயிரு! காலாண்ட வராத!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவன் என் கால் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. காதர் பாய் தன் மேல் சட்டையைக் கழற்றி என் நெஞ்சில் போர்த்திவிட்டு, வெறும் பனியனோடு வராந்தாவில் போய் நின்றார்.

கன்னியம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். போர்வையைத் தன் மடிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னாயா, காலு தெரியுதா?"

தெரியவில்லை. இரண்டு மரக்கட்டைகளை யாரோ என் இடுப்பில் ஒட்டவைத்த மாதிரி கிடந்தன. டாக்டரம்மா சொன்னது நினைவில் இருந்தது: சத்தியம் பண்ண மாட்டேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"தெரியுதுடி," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். "நல்லா தெரியுது, நீ ஒரு வாய் டீ குடிச்சிட்டு வா," என்றேன். எழுந்திருக்கவில்லை. வெயில் ஜன்னலைவிட்டு இறங்கியது. தொடையில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது, பிறகு அதுவும் இல்லை. ஏகாம்பரம் கால் ஒரே இடத்தில் நின்றுவிட்ட மாதிரி என் கால் நின்றுவிட்டால் கப்பல் தட்டு எங்கே, நான் எங்கே என்று நினைத்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சளி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

பார்க்க வந்தவர்கள் போக வேண்டிய மணி அடித்தது. ஆயா ஒவ்வொரு கட்டிலாகத் துரத்திக்கொண்டு வந்தாள். "ஏம்மா, மணி அடிச்சது காதுல வுயல? எயுந்திரு."

"தோ, போறேன்," என்றாள் கன்னியம்மா. அசையவில்லை.

"காலு நல்லாத்தான் கீது. நீ வூட்டுக்குப் போ," என்றேன் நான்.

ஆயா அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவள் பாதி எழுந்தாள். அப்போதுதான் என் வலது கால் கட்டை விரலை நண்டு கவ்வியது.

"அய்யய்யோ! எவடி அது! வுடுடி, கஸ்மாலம்!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கன்னியம்மா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். நான் போர்வையை விலக்கச் சொன்னேன். ஏகாம்பரம் விலக்கினான். என் இரண்டு பாதத்திலும் நகக்குறி, விரல் விரலாக, செக்கச்செவேலென்று.

"எப்பலேர்ந்துடி கிள்ளிகினு கீற?"

"தெரியுது, தெரியுதுன்னு நீ புளுகிகினு கெடந்தியே, அப்பலேர்ந்து," என்றாள். சொல்லிவிட்டு, அத்தனை பேர் பார்க்க, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஏகாம்பரமும் அழுதான். எனக்கு விரல் உண்மையாகவே வலித்தது.

ஆயா மறுபடியும் அவள் கையைப் பிடித்தாள். கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இரு தாயே, இன்னொரு காலு பாக்கி கீது," என்றாள்.

ஆயா என்னைப் பார்த்தாள், ஏகாம்பரத்தின் பாதத்தைப் பார்த்தாள், கையை விட்டுவிட்டாள்.

"கிள்ளிட்டுப் போம்மா. ஜல்தி."

கிள்ளினாள். நான் கத்தினேன்.